கார்பன் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும் காற்று

கண்ணாடி இழைத் துணியை ரெசினில் (ஹார்டனர் கலந்ததும் இறுகும் பிசின்) நனைத்து, அடுக்கடுக்காக வைத்துக் கையால் தகடு செய்து பழகியவர்கள் கார்பன் இழைத் துணிக்கு வரும்போது, இதுவரை கண் செய்துவந்த பாதி வேலை இனி நடக்காது. கண்ணாடி இழைத் துணி ரெசினில் நனைந்ததும் தெளிந்துவிடும். காற்று நின்ற இடம் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். கார்பனோ நனைந்தாலும் கறுப்பு, நனையாவிட்டாலும் கறுப்பு. மேலே பளபளவென்று இருக்கும். பத்து அடுக்குக்குக் கீழே காற்று அப்படியே உட்கார்ந்திருக்கும்.

என்னிடம் உடைந்து வரும் தடித்த தகடுகளில் பெரும்பாலும் இழை அறுந்திருக்காது. அடுக்குகள்தான் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். காற்று 1 சதவீதம் கூடினால் அடுக்குகளின் பிடிப்பு ஏறத்தாழ 7 சதவீதம் குறையும் என்பது இத்துறையில் பரவலாகப் புழங்கும் கணக்கு. இழுத்துச் சோதித்தால் இது தெரியாது, அந்தச் சுமையை இழையே தாங்கிக்கொள்ளும். வளைக்கும்போதும் அழுத்தும்போதும்தான் தகடு கைவிடும். அது ட்ரோனின் கையாகவோ சைக்கிள் பாகமாகவோ இருந்தால், அதை நம்பி ஒருவர் இருப்பார்.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. அறுத்த விளிம்பை 400, அப்புறம் 1000 எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் துடையுங்கள். நல்ல விளிம்பு உடனே காய்ந்துவிடும். காற்றுள்ளதில் இரண்டு அடுக்குக்கு நடுவே மெல்லிய ஈரக்கோடு நிற்கும், துடைத்தாலும் மறுபடி கசியும்.

சரி, காற்று எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி, ரெசினை வேகமாகக் கலக்கும்போதே வருகிறது. மீதி துணிக்குள்ளேயே இருக்கிறது. 3கே துணியின் ஒரு நூலில் 3,000 இழைகள், ஒவ்வொன்றும் சுமார் 7 மைக்ரான். அவற்றின் இடுக்கெல்லாம் காற்றுதான். துணியை விரித்து மேலே ரெசினை ஊற்றினால் அந்தக் காற்றின் வழியை நாமே மூடிவிடுகிறோம்.

அதனால் எப்போதும் ரெசின் முதலில், துணி பிறகு. அச்சில் ரெசினைப் பரப்பி, துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லப் படியவிட்டு, கொஞ்சம் பொறுங்கள். ஈரம் கீழிருந்து ஏறிப் புள்ளிபுள்ளியாக மேலே தெரியும். நூலின் மங்கல் மறையும். மங்கலாகவே நிற்கும் இடத்துக்கு மட்டும் பிரஷ்ஷால் ஒற்றிக் கொடுங்கள். பிறகு வரிப்பள்ளம் உள்ள ரோலரை நடுவிலிருந்து வெளியே, மெதுவாக உருட்டுங்கள். வேகமாக உருட்டினால் ரெசின் நுரைத்துப் புதுக் காற்று சேரும். ஸ்குவீஜியால் (ரப்பர் வழிப்பான்) ஒரேயடியாக வழித்தாலும் நூல் வறண்டு, வெளியேறிய காற்றே திரும்பப் புகும். இதைக் கைக்கணக்கில் விடாமல் எடை போடுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ரகத் துணி, 30 சென்டிமீட்டர் சதுரத்தில் 18 கிராம் வரும். அந்த அடுக்குக்கு ரெசினும் அதே அளவு போதும்.

6 மில்லிமீட்டர் தகட்டுக்கு இப்படி 20 அடுக்குக்கு மேல் போகும். அதை ஒரே மூச்சில் முடிக்க நினைப்பதுதான் நம் ஊர் வெயிலில் பெரிய ஆபத்து. டப்பாவில் எழுதியிருக்கும் வேலை நேரம், அதாவது கலந்த ரெசின் கெட்டியாகும்வரை உள்ள நேரம், பொதுவாக 25 டிகிரிக்கு உரியது. 10 டிகிரி ஏறினால் அது ஏறத்தாழ பாதியாகிவிடும். தடிமன் கூடக்கூட ரெசினின் சொந்தச் சூடும் சேரும். உருட்டி முடிப்பதற்குள் கெட்டியானால் காற்று அங்கேயே சிறைப்படும். ரெசினை மெதுவாக இறுகவைக்கும் ஹார்டனரை எடுங்கள். ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிவையுங்கள். கலந்தபோது புகுந்த குமிழும் அதில் மேலே வந்து உடையும். ஐந்தாறு அடுக்கோடு நிறுத்தி, மேலே பீல் பிளை (இறுகிய பின் உரித்தெடுக்கும் துணி) போட்டு இறுக விடுங்கள். மறுநாள் அதை உரித்துவிட்டு, மேற்பரப்பில் பிசுபிசுப்பு இருந்தால் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்திய பின் தொடருங்கள். பொறுமை வேண்டும்தான். ஆனால் எனக்குத் தெரிந்து, கையால் தடித்த தகடு செய்ய இதைவிட நம்பகமான வழி இல்லை.

கடைசியில் மேலே கனமான பலகை வைத்து அழுத்துவதைப் பலர் நம்புகிறார்கள். பலகை ஓரத்து ரெசினைத்தான் பிதுக்கும். நடுவில் இருக்கும் காற்றுக்கு மேலே போக வழி இருக்காது. தகட்டைப் பையால் மூடிப் பம்பால் காற்றை உறிஞ்சும் வேக்கம் பேக் இதைவிட நல்லது. பீல் பிளை, துளையிட்ட படலம், மேலே காற்று ஊடுருவிப் போகும் பிரீதர் துணி என்று வைத்தால் காற்றுக்குப் பாதை கிடைக்கும். ஆனால் பாதை இல்லாத இடத்தில் வேக்கம் போட்டால், அடைபட்ட குமிழ் பெரிதாக உப்பும். அதனால் பம்பை நம்பி அடுக்குவதில் அவசரப்படாதீர்கள்.