வயரிங் ஹார்னஸ்: சேணம் அல்ல, கம்பிக்கொத்து

பழைய பைக்குகளுக்கு உதிரிபாகம் விற்கும் இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் ‘வயரிங் சேணம்’ என்றொரு சரக்கு தொங்குகிறது. சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருக்களான புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ இப்படிக் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முழிப்பார். அங்கே அதற்கு, அதாவது பைக்கின் வயர்களெல்லாம் சேர்ந்த வயரிங் ஹார்னஸுக்கு, பெயர் வயரிங் செட். ‘சேணத்தைக் கழற்றிப் புதியதை மாட்டவும்’ என்று எழுதிக் கொடுத்தால் மெக்கானிக் சீட்டைத்தான் கழற்றுவார். தப்பு அவருடையது அல்ல. சேணம் என்றால் குதிரை முதுகில் போடும் இருக்கை.

ஹார்னஸ் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். முதலில் போர்வீரனின் கவசத்தையும் தளவாடங்களையும் குறித்தது. பிறகுதான் வண்டி இழுக்கும் குதிரைக்குப் பூட்டும் வார்களுக்கு வந்தது. இங்கிலாந்துக்காரர்கள் இதே வயரிங்கை லூம் என்பார்கள். அந்தச் சொல்லுக்கும் ஆதியில் வெறும் ‘கருவி’ என்றுதான் பொருள். நெசவுத் தறி என்ற இன்றைய பொருளில் அதைப் பெயர்த்தால் பைக்கில் தறி ஓடும்.

குதிரைக்கே கூட சேணம் சரியில்லை என்பதுதான் வேடிக்கை. ஹார்னஸ் இழுப்பதற்கு, சேணம் ஏறி உட்காருவதற்கு. இழுவைக்கு நம்மிடம் நுகத்தடியும் பூட்டாங்கயிறும் இருக்கின்றன. ‘சேணம் கட்டிய குதிரை போல ஒரே பக்கம் பார்க்கிறார்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. பார்வையை மறைப்பது கண்பட்டை. சேணம் முதுகில் இருக்கிறது. உயரத்தில் வேலை செய்பவர் உடம்பில் மாட்டுவதும் இப்போது ‘பாதுகாப்பு சேணம்’ ஆகிவிட்டது. அவர்கள் பெல்ட் என்கிறார்கள், புரிகிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

சரி, பொருள் என்ன? பேட்டரி, சாவி சுவிட்ச், ரெக்டிஃபயர், இக்னிஷன் காயில், ஹாரன், ஹெட்லைட், பின்விளக்கு, பிரேக் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் போகும் வயர்களைச் சேர்த்து ஒரே உறைக்குள் விட்டு, டேங்குக்கு அடியில் சேசிஸோடு ஓட்டி, அங்கங்கே அளவாகக் கிளை பிரித்த அமைப்பு. ஒவ்வொரு வயருக்கும் வேலை வேறு, பருமன் வேறு, நிறம் வேறு, நீளம் வேறு.

இந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துத்தான் மற்ற தமிழ்ச் சொற்களை உரசிப் பார்க்க வேண்டும். ‘கம்பிவடம்’ நிற்காது. தேர்வடத்தில் எல்லா இழையும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன. கேபிளுக்கு அது பொருந்தும். ‘கம்பித்தொகுதி’ தப்பில்லை, ஆனால் எதையும் தொகுதி என்று சொல்லிவிடலாம். உண்மையான போட்டி ‘கம்பிக்கற்றை’. படித்தவர்களுக்குப் பிடித்த சொல், காதுக்கும் இனிமை. ஆனால் கற்றை என்றால் ஒரே மாதிரியானவை ஒரே போக்கில் சேர்ந்திருப்பது. வைக்கோல் கற்றை, கூந்தல் கற்றை, ஒளிக்கற்றை எதிலும் ஓர் இழைக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் கிடையாது.

வீட்டிலேயே பைக் வயரிங்கை மாற்ற உட்காரும் புதியவர் செய்யும் முதல் தவறும் எல்லா வயரும் ஒன்று என்று நினைப்பதுதான். ஒரே பருமனில், கையில் கிடைத்த இரண்டு நிறத்தில் வயர் வாங்கி, சேர்த்துக் கட்டிவிடுவார். 12 வோல்ட்டில் 60 வாட் ஹெட்லைட் 5 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட் பைக்கில் 35 வாட் பல்பே ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுத்துவிடும். அதை 0.5 சதுர மி.மீ. வயரில் ஓட்டினால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கும். 6 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் வெளிச்சத்தில் கால்வாசி போய்விடும். பேட்டரியிலிருந்து சாவி சுவிட்சுக்கு 2.5, ஹெட்லைட்டுக்கு 1.5, ஹாரனுக்கு 1, நியூட்ரல், மீட்டர் விளக்குகளுக்கு 0.5 என்று போட்டால் கவலையில்லை.

நிறமும் அப்படியே. பல பழைய பிரிட்டிஷ் பைக்குகளில் பேட்டரியின் பிளஸ் முனைதான் சேசிஸில் மாட்டியிருக்கும்; சிவப்பு வயர் எர்த், அதாவது சேசிஸோடு சேர்வது. சிவப்பு என்றால் பிளஸ் லைன் என்று நினைத்து சுவிட்சில் கொடுத்தால் சாவி போட்டதும் புகைதான். ‘கற்றை’ என்ற சொல் இந்த வேறுபாட்டை மறைக்கிறது.

‘கொத்து’ மறைப்பதில்லை. சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியும் வேறு பூட்டுக்கு. மாங்கொத்தில் காம்பு ஒன்று, காய்கள் தனித்தனி. நடுவில் சேர்ந்து நுனியில் பிரிவதுதான் கொத்து. ஆகவே மின்கம்பிக் கொத்து, சுருக்கமாகக் கம்பிக்கொத்து. கம்பி என்றதும் கட்டடக் கம்பி நினைவுக்கு வருகிறவர்கள் வயர்க்கொத்து என்று சொல்லட்டும், குடி முழுகாது. தூய்மைக்காக நடக்கும் வழக்கு இல்லை இது. கொத்து பரோட்டாவைச் சொல்லிச் சிரிப்பவர்களும் இருப்பார்கள். நாலு கை பட்ட பழைய பைக்கின் ஹெட்லைட் டூமை (விளக்கின் கிண்ணத்தை) திறந்து பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்.

கொத்து என்று நினைத்தால் செய்முறையும் நேராகும். பழையதை வெட்டி எடுக்காமல் முழுதாக உருவி, ஒரு பிளைவுட் பலகையில் விரித்து, கிளை பிரியும் இடமெல்லாம் ஆணி அடித்து, அந்தத் தடத்திலேயே புதிய வயர்களை ஓட்ட வேண்டும். தொழிற்சாலையிலும் பலகை வைத்துத்தான் செய்கிறார்கள். பழையதன் நீளத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி அளந்து, ஹேண்டில்பார் சேசிஸோடு சேரும் கழுத்துப் பகுதியில் இரண்டு மூன்று அங்குலம் தளர்வு விடுங்கள். பழைய பைக்கில் வயர் அறுவது பெரும்பாலும் அங்கேதான். அசையும் இடத்தில் சால்டரிங் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஊறிக் கட்டியாகிவிடும். அது முடியும் விளிம்பில் வயர் மடங்கி மடங்கி ஒடியும். நல்ல கிரிம்பிங் கருவியில் அழுத்திய லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) போதும். பசையுள்ள பி.வி.சி. டேப்பைச் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை இளகிக் கையெல்லாம் கறுப்பாக ஒட்டும். பசையில்லாத டேப்பைப் பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றி, முனையில் மட்டும் கட்டுங்கள்.

எர்த்துக்கு வருவோம், அதிலும் ஒரு மொழிபெயர்ப்புக் கூத்து இருக்கிறது. ‘புவியிணைப்பு’ என்கிறார்கள். வீட்டு மின்சாரத்துக்குச் சரி. அங்கே கம்பி மண்ணுக்குள் போகிறது. ரப்பர் டயரில் நிற்கும் பைக்குக்கும் புவிக்கும் என்ன சம்பந்தம்? மின்சாரம் சேசிஸ் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். பட்டறையில் ‘பாடி எர்த்’ என்கிறார்கள். அதைப் பார்த்து உடலிணைப்பு என்று சொல்லியிருந்தால், பவுடர் கோட்டிங் (மின்சாரம் கடத்தாத மேல்பூச்சு) செய்த சேசிஸில் அதைச் சுரண்டாமலே போல்ட் போட்டுவிட்டு ‘எர்த் வரவில்லை’ என்று தேடுகிறவர்கள் குறைந்திருப்பார்கள். ஹெட்லைட்டுக்குத் தனி எர்த் வயரை ஓட்டுவதும் அவசியம். இல்லையென்றால் மின்சாரம் கழுத்து பேரிங்கின் கிரீஸைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். வளைவில் விளக்கு மினுக்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாவற்றையும் கெடுத்தார்கள் என்றும் சொல்லக் கூடாது. ஃபியூஸுக்கு ‘உருகி’ என்று வைத்தவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர். 12 வோல்ட் பைக்குக்கு 15 ஆம்பியர் உருகி ஒன்று, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், எர்த் ஆகாத முனையின் லைனில் வர வேண்டும். அதை மாட்டும் முன், அதே இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றைக் கொடுங்கள். ஹெட்லைட் பல்பையும் காயில் கனெக்டரையும் கழற்றி, விளக்கு சுவிட்சுகளை அணைத்து வைத்து, முதலில் சாவியில்லாமல், பிறகு சாவி போட்டுப் பாருங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால் கொத்தில் எங்கோ ஷார்ட். ஒவ்வொரு கிளையாகக் கழற்றினால் எந்தக் கிளையில் அணைகிறதோ அதில்தான் கோளாறு. எரியாவிட்டால் பல்பை எடுத்துவிட்டு உருகியைப் போடலாம்.