கடல் உள்வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம்

‘பாரன் தீவு எரிமலை பெரிதாக வெடித்தால் நாகைக்குச் சுனாமி வருமா?’ என்று திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தப் பயம் வேண்டாம் என்பதே என் பதில். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில் அந்தமான் கடலுக்குள் இருக்கும் அந்தத் தீவுதான் இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை. நெடுங்காலம் உறங்கி 1991இல் விழித்தது முதல் அவ்வப்போது சாம்பலும் தீக்குழம்பும் கக்குகிறது. ஆனால் எல்லாம் சிறு வெடிப்புகள். போதாக்குறைக்கு, அதற்கும் நமக்கும் நடுவே அந்தமான் தீவுத்தொடர் வடக்குத் தெற்காகக் குறுக்கே கிடக்கிறது.

எரிமலையால் சுனாமியே வராது என்று இதற்குப் பொருள் இல்லை. 1883 ஆகஸ்டில் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே கிரக்கட்டோவா வெடித்தபோது 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது அலைதான். 2018 டிசம்பர் 22 இரவு, அதே இடத்தில் பின்னாளில் முளைத்த அனாக் கிரக்கட்டோவாவின் ஒரு பக்கம் இடிந்து கடலுக்குள் சரிந்தது. எச்சரிக்கையே இல்லாமல் வந்த அலையில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இவ்வகை அலை பிறந்த இடத்துக்கு அருகே கொடியது. போகப் போகச் சோர்ந்துவிடும். பெருங்கடலைக் கடந்து வந்தும் கொல்லும் வலிமை அலைக்கு இருக்க வேண்டுமானால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல்தரையே அசைய வேண்டும். காவிரிப் படுகைக்கு ஆபத்து அப்படித்தான் வரும்.

பள்ளியில் படித்ததுதான்: புவியின் மேலோடு பெரும்பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது; அவற்றில் ஒன்றான இந்தியத் தட்டு கிழக்கே பர்மாத் தட்டின் அடியில் செருகிக்கொண்டு இறங்குகிறது. ஆழத்துக்குப் போன பாறை வெளியேற்றும் நீர் மேலேயுள்ள பாறையை எளிதில் உருகச் செய்ய, அந்தக் குழம்பு பாரன் தீவில் வெளியே வருகிறது. ஆழம் குறைந்த இடத்திலோ இரண்டு தட்டுகளும் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கின்றன. சுனாமியின் கரு அங்கேதான் வளர்கிறது.

எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீராத இடம் இது. ஒட்டிக்கொண்டுவிட்டதே என்று கீழ்த்தட்டு தன் பயணத்தை நிறுத்துவதில்லை. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் மேல்தட்டின் மேற்கு விளிம்பையும் இழுத்துக்கொண்டே இறங்குகிறது. பந்தலுக்குப் பிளந்த மூங்கில் பிளாச்சு ஒன்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையைக் கீழ்நோக்கி வளைத்து உட்புறமாக அழுத்திப் பாருங்கள். அழுத்திய முனை தாழும். நடுப்பகுதி மேலே புடைக்கும். கையை எடுத்தால் தாழ்ந்த முனை துள்ளி எழும், புடைத்த நடுப்பகுதி அமிழும். இரண்டும் ஒரே நொடியில் நடக்கும்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.29க்குத் தட்டுகளின் அந்தப் பிடி விட்டது. வடக்குச் சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய பிளவு வடக்கு அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. மேற்கு விளிம்பில் கடல்தரை உயர்ந்தது; கிழக்கே தாழ்ந்தது. அவ்வளவு நீருக்கும் விலகி ஓட நேரமில்லை. தரை எந்த வடிவத்துக்கு மாறியதோ அதே வடிவத்துக்குக் கடல்மட்டமும் மாறியது. மேற்கே ஒரு மேடு, கிழக்கே ஒரு பள்ளம். மேடு முன்னே வர ஓர் அலைத்தொடர் நம்மை நோக்கிப் புறப்பட்டது. பள்ளம் முன்னே செல்ல இன்னொன்று தாய்லாந்தை நோக்கிப் புறப்பட்டது.

தீவுகளில் இதன் தடயத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். வடக்கு அந்தமானின் மேற்குக் கரையில் நீருக்குள் இருந்த பவளப்பாறைகள் வெளியே தூக்கப்பட்டு, வெயிலில் வெளுத்துச் செத்தன. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. பெரிய நிகோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போய்விட்டது.

பள்ளம் முன்னே சென்றதால் தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் உள்வாங்கியது. நம் கரைக்கு அந்த அறிகுறி வரவில்லை. காலை ஒன்பது மணியை ஒட்டிச் சென்னைத் துறைமுகத்தில் கடல்மட்ட ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஓத அளவியில் முதலில் பதிவானது நீரின் ஏற்றம். கடல் உள்வாங்கியதைக் கண்டதாக நம் ஊர்களில் பலர் சொல்வதும் உண்மைதான். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே வரும் இறக்கம் அது. ‘கடல் உள்வாங்கினால் ஓடு’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். தவறில்லை. உள்வாங்காவிட்டால் ஆபத்தில்லை என்று அவர்கள் எண்ணிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. தட்டு இறங்கும் திசை மாறப்போவதில்லை. அங்கிருந்து அடுத்த சுனாமி எப்போது வந்தாலும் நமக்கு மேடே முன்னால் வரும்.

நாகையும் சின்ன அந்தமானும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. பிளவு வடக்குத் தெற்காக நீண்டதால் அலையின் ஆற்றலெல்லாம் கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. வங்கக் கடலின் வடகோடியில் உள்ள வங்கதேசம் பெரும்பாலும் தப்பியது. 3,500 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 660 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நடுக்கடலில் அன்று செயற்கைக்கோள் அளந்த உயரமோ 60 சென்டிமீட்டர் அளவே. விசைப்படகில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறைகிறது. முன்பகுதி தயங்க, பின்னால் வரும் நீர் அதன்மேல் ஏறிக் குவிகிறது. கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் படகுகளை வீடுகளின் மீது எறிந்தது அந்தக் குவியல்தான். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறி நிற்க ஒரு குன்றுகூட இல்லாத படுகை இது. ஆற்று முகத்துவாரங்களோ அலைக்குத் திறந்த வழி.

அன்று பௌர்ணமி என்பதால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பீதி கிளப்புகிறவர்கள் உண்டு. நிலவால் நம் கரையில் ஓதம் ஒரு மீட்டருக்குள்தான் ஏறி இறங்குகிறது. சுனாமிக்கு நாள், நட்சத்திரம் கிடையாது. பெருநிலநடுக்கம் என்றாலே பெருஞ்சுனாமி என்றும் இல்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவுக்கு நிலம் நடுங்கியது. நம் கரையோர மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஆனால் பாறைகள் பக்கவாட்டில் நழுவினவே தவிர, கடல்தரை பெரிதாக உயரவோ தாழவோ இல்லை. சிறு அலைகளோடு முடிந்தது. இந்த வேறுபாட்டை நிமிடக்கணக்கில் கண்டுசொல்லத்தான் ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம் கடல்மட்ட மாற்றத்தை உணரும் அழுத்தமானிகளை ஆழ்கடலில் வைத்திருக்கிறது. அவற்றைப் பழுதின்றிப் பராமரிக்கும் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது.

இன்னும் மலிவான ஓர் ஆய்வுக்கும் பணம் வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தில் மண்ணுக்கடியில் இருக்கும் ஒரு மணல் அடுக்கை, சோழர் காலச் சுனாமி விட்டுச் சென்றதென ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். பூம்புகாரிலிருந்து வேளாங்கண்ணி வரை, கடலோர மணல்மேடுகளுக்குப் பின்னாலுள்ள தாழ்நிலங்களில் இப்படி இன்னும் எத்தனையோ அடுக்குகள் கிடக்கலாம். கருங்களிமண்ணுக்கு நடுவே ஒரு விரல்கடை வெள்ளை மணலும் கடலுயிரிகளின் நுண்ணிய ஓடுகளும் தென்பட்டால், கடல் அங்கே ஏறிய காலத்தைக் கணிக்கலாம். அது புயலா சுனாமியா என்று பிரித்தறிவதுதான் கடினம். இரண்டு சுனாமி அடுக்குகளுக்கு இடைப்பட்ட காலம் தெரிந்தால், அந்தப் பிடி எத்தனை நூற்றாண்டுக்கு ஒருமுறை விடுகிறது என்பதும் தெரியவரும். கையால் திருகி இறக்கும் மண் துளைப்பான் ஒன்றை டெல்டாவின் ஒவ்வொரு கல்லூரி நிலவியல் துறைக்கும் வாங்கித் தந்து, காலக்கணிப்புச் செலவையும் அரசு ஏற்றால் மாணவர்களே இந்த வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.