ஃபிரிட்ஜில் நிற்கும் பாதி பாட்டில்

பிள்ளைக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் வீட்டில் ஆன்டிபயாடிக் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இந்த வாரமும் ஒரு பாப்பா அப்படித்தான் வந்தது. பண்ருட்டிப் பக்கம், ஒன்றரை வயது. சிறுநீரகத் தொற்றுக்குப் பத்து நாளைக்கு எழுதிய சிரப் மூன்று நாளோடு நின்றிருக்கிறது. மறுபடி 103 டிகிரி, வாந்தி. இந்த முறை வாயால் கொடுத்து நிற்கவில்லை, வார்டில் சேர்த்து ஊசியாகப் போட வேண்டியதாயிற்று. ஏன் நிறுத்தினீர்கள் என்றால் அம்மாவுக்கு முன்னால் ஆயா பதில் சொல்கிறார்: "காச்சல்தான் வுட்டுப்போச்சே சார். அந்த மருந்து ரொம்ப சூடு, புள்ள தாங்காது."

எதற்கெடுத்தாலும் இந்தச் சூடு. பலாப்பழம் தின்றான், சூடு. வெயிலில் ஆடினான், சூடு. ஒன்றுக்குப் போகும்போது அழுதால் அதுவும் சூடு. தொப்புளில் விளக்கெண்ணெய் வை, இளநீர் கொடு. தண்ணீர் குறைந்து மஞ்சளாகப் போய்க் கொஞ்சம் எரிந்தால் இளநீரில் சரியாகும், நான் மறுக்கவில்லை. காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் கதை வேறு. பெரும்பாலும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா சிறுநீர்ப்பையைத் தாண்டிச் சிறுநீரகம்வரை ஏறியிருக்கும். அதை எந்த எண்ணெயும் குளிரவைக்காது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் சில பிள்ளைகளுக்குப் பேதியாகும், சிலருக்குத் தடிப்பு வரும். அது பக்கவிளைவு. வந்தால் உடனே கேளுங்கள், தேவையென்றால் மாற்றித் தருகிறோம். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆயா சொன்னாலும்.

சரியான மருந்து என்றால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். உள்ளே இருக்கும் கிருமி அதோடு தீர்ந்துவிடாது என்பதால்தான் 7 முதல் 14 நாள்வரை எழுதுகிறோம். தொற்றால் சிறுநீரகத்தில் விழும் தழும்பு மறையாது. அது அதிகமானால் பிற்காலத்தில் பிரஷர், சிறுநீரகச் செயலிழப்புவரை போகலாம்.

அடுத்தது அந்த மீதி மருந்து. தோசை மாவுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் நிற்கும். பவுடராக வரும் சிரப்பைத் தண்ணீரில் கலந்துவிட்டால், மருந்தைப் பொறுத்து 7 நாளோ 14 நாளோதான் ஆயுள். (பத்து நாளைக்கு இரண்டு பாட்டில் எழுதினால் கமிஷன் என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் பதில்.) தம்பிக்குக் காய்ச்சல் வந்ததும் அந்தப் பழைய பாட்டிலிலிருந்து ரெண்டு ஸ்பூன் ஊற்றிவிட்டு எங்களிடம் வருவார்கள். அதன்பிறகு சிறுநீர் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) வைத்தால் பல சமயம் ஒன்றும் வளராது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாமல் நாங்கள் இருட்டில் துழாவ வேண்டும்.

ஆகவே, முதல் டோஸுக்கு முன்பே சிறுநீர் பிடிக்க வேண்டும். கழுவிய ஜாம் பாட்டில் வேண்டாம், லேபில் தரும் டப்பாதான். நெல்லிக்குப்பத்தில் காலை ஏழு மணிக்குப் பிடித்து, பஸ் ஏறி, பத்து மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள லேபில் கொடுத்தால் வழியிலேயே கிருமி பெருகி ரிப்போர்ட் கெட்டுவிடும். பிள்ளையைக் கூட்டிவந்து லேபிலேயே பிடியுங்கள்.

கைக்குழந்தைக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது. பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், நைநை என்று அழும். சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் சிறுநீரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் மெடிக்கல் ஷாப் பக்கமே போகாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பயந்து சாயங்காலம்வரை அடக்கிவைக்கும் பெண்பிள்ளைகளிடம் தயவுசெய்து கோபப்படாமல் பேசுங்கள், டீச்சரிடமும் பேசுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் தொடர்பு உண்டு. தொற்று திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிப் போகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் பாதி வெட்டுப்பட்ட போட்டோவை வைத்து மருந்தின் பெயரைப் படிக்க முடிவதில்லை.