மீட்டர் மேல் பழி போடுவதற்கு முன்

பங்குனி பிறந்தால் போதும், எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே பேச்சுதான்: "மீட்டர் தாறுமாறா ஓடுதுங்க, ஒரு எட்டு வந்து பாருங்க." சேலத்தில் இருபத்திரண்டு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன், குகை, செவ்வாய்ப்பேட்டை, அழகாபுரம் என்று ஆரம்பித்து ஏற்காட்டு எஸ்டேட் வீடுகள் வரை ஏறி இறங்கியாயிற்று, இதில் மீட்டரே கெட்டுப்போய் அதிகமாக ஓடிய வீடு எத்தனை என்று எண்ணினால் ஒரு கை விரலே மிச்சம். மற்றபடி எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று, யார் கண்ணிலும் படாமல், உட்கார்ந்து கரண்டைத் தின்றுகொண்டிருந்தது.

அம்மாபேட்டையில் ஒரு வீடு. மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் குடும்பம், ஏ.சி. கிடையாது. வழக்கமாக 470, 480 யூனிட் வரும், அந்த முறை 538. "1,670 ரூபா கட்டிட்டு இருந்தோம் தம்பி, இப்ப 2,359 வந்திருக்கு, 60 யூனிட்டுக்கு எழுநூறு ரூபாயா?" என்று அந்த வீட்டுப் பாட்டி வெள்ளை அட்டையை என் கையில் கொடுத்தார். கேள்வி சரியான கேள்விதான், பதிலைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மெயினை ஆஃப் செய்து பார்த்தேன், மீட்டரில் சிமிட்டும் சிவப்பு லைட் நின்றுவிட்டது, அதனால் மீட்டர் சும்மா ஓடவில்லை. மறுபடி ஆன் செய்து, ஃபேன், டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்தி, வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் திடீரென்று ஏழு ஆம்பியர். வீட்டில் யாரும் குழாயைத் திறக்கவில்லை, போர் மோட்டார் தானாக ஓடுகிறது.

மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானே போட்டு, நிரம்பினால் தானே நிறுத்தும் ஆட்டோமேட்டிக் போர்டு அது. நல்ல சாமான்தான், ஆனால் தண்ணீர் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. மாடி பாத்ரூமில் ஃபிளஷ் டேங்க்கின் உள்வாஷர் தேய்ந்து, பீங்கானின் பின்பக்கமாகக் கண்ணாடி போல ஒரு தண்ணீர்த் தகடு வழிந்துகொண்டே இருந்தது, விரலை வைத்தால்தான் தெரியும், பார்த்தால் தெரியாது. ஐநூறு அடிக்கும் கீழே இருந்து ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் இரவும் பகலும் அதற்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்திருக்கிறது. நாளுக்குக் கூடுதலாக நாற்பது நிமிடம் ஓடினாலே ஒரு யூனிட். இரண்டு மாதத்தில் 60. வாஷரை வாங்கிப் போட்டது பிளம்பர், பெயர் எனக்கு.

சரி, இப்போது பாட்டியின் கேள்வி. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம், இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது 500 என்ற கோடு. 2024 ஜூலையில் மாறிய விலைப்படி, மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 என்கிற சலுகைப் படியே காணாமல் போய்விடும், 101-லிருந்தே 4.70 போட்டுவிடுவார்கள், அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50. அதாவது 500 யூனிட் எரித்தவர் கட்டுவது 1,805 ரூபாய், 501 எரித்தவர் கட்டுவது 2,048 ரூபாய் சொச்சம். ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். சந்தையில் இந்த விலைக்கு வேறெதையும் நாம் வாங்க மாட்டோம்.

அதனால்தான் வீட்டுக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது "ஏ.சி. எத்தனை" என்று இல்லை, "போன ஆறு பில்லில் எத்தனை யூனிட்" என்றுதான். 300-க்குள் இருப்பவர் நிம்மதியாக இருக்கலாம், 900 எரிப்பவர் வேறு கதை, 480-க்கும் 560-க்கும் நடுவில் ஊசலாடுபவர்தான் என் வேலைக்கு ஏற்றவர். அவருக்கு இருபது, முப்பது யூனிட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்தால் வருடத்தில் ஒரு நல்ல தொகை மிச்சம்.

ஒளிந்திருப்பதைப் பிடிக்க ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வாட் சாமான் எதுவாக இருந்தாலும், நிற்காமல் ஓடினால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். அவ்வளவுதான். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் மட்டும் ஆஃப் செய்து வைப்பது, மாடிப்படியில் பகலிலும் எரியும் பல்பு, யாரும் இல்லாத அறையில் சுற்றும் ஃபேன், எல்லாவற்றையும் இந்தப் பத்தில் போட்டுப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம், நாள் முழுக்கச் சுற்றும் ஹால் ஃபேனை மட்டும் மாற்றினாலே 60 யூனிட் வரை குறையும். எல்லா அறைக்கும் மாற்றச் சொல்லிக் கடைக்காரர் கொட்டேஷன் கொடுப்பார், விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும் அறைக்கு அது எதற்கு?

இன்வெர்ட்டர் விஷயத்தில் நானே மாட்டிக்கொண்ட கதை உண்டு. 2012 வாக்கில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன காலம் நினைவிருக்கும், சேலத்தில் வசதி இருந்தவர்கள் எல்லாம் அப்போது இன்வெர்ட்டர் வாங்கினார்கள். இப்போது கரண்ட் போவது குறைந்துவிட்டது, பெட்டி மட்டும் மூலையில் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டே இருக்கிறது. நல்ல பேட்டரி நிரம்பியதும் அடங்கிவிடும். சாகப்போகும் பேட்டரி அடங்காது, வாங்கிக்கொண்டே இருக்கும், சூடாகும், டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி குறையும். என் வீட்டில் அப்படி ஒன்று ஒரு வருடத்துக்கு மேல் நாற்பது வாட் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு 58 யூனிட். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள் வீட்டில். என் மனைவிதான் "இந்தப் பொட்டி ஏன் எப்பவும் சுடுது" என்று கேட்டார்.

நீங்களே பார்க்க ஒரு வழி சொல்கிறேன், கருவி ஒன்றும் வேண்டாம். இரவு எல்லோரும் படுத்த பிறகு, ஃபிரிட்ஜ் ஓடாத நேரமாகப் பார்த்து, மீட்டர் முன்னால் நில்லுங்கள். மீட்டர் முகப்பிலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், நான் அதிகம் பார்ப்பது 3200. ஒரு நிமிடத்தில் அந்த லைட் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 16 சிமிட்டினால் உங்கள் வீடு 300 வாட் எடுக்கிறது. நான்கு ஃபேன் ஓடினால் அது நியாயம், ஒரே ஃபேன் ஓடி 16 வந்தால் நியாயம் இல்லை. ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தால் எங்கே குறைகிறதோ அங்கே இருக்கிறான் திருடன். எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் சிமிட்டினால் எங்கோ கசிவு இருக்கலாம், அப்போது நீங்கள் கை வைக்காமல் லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். அது பில் விவகாரம் மட்டும் இல்லை, உயிர் விவகாரம்.

வாடகை வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் எனக்குக் கோபம் உண்டு. ஒரே சர்வீஸ், அதாவது ஒரே மின் இணைப்பு, உள்ளே மூன்று குடித்தனம், ஆளுக்கொரு சப்-மீட்டர், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூல். மூன்று பேரும் ஆளுக்கு 300 எரித்தால் மொத்தம் 900, மேலே சொன்ன கணக்கில் பில் 5,820 ரூபாய். வசூலாவது 7,200. அந்த மூன்று குடும்பத்துக்கும் தனித்தனி சர்வீஸ் இருந்தால் ஆளுக்கு 705 ரூபாய்தான், மூன்றும் சேர்த்து 2,115. இலவச நூறும் சலுகைப் படியும் யாருக்காக வைத்தார்களோ அவர்களுக்கே போய்ச் சேரவில்லை. தனி வாசல், தனிச் சமையலறை உள்ள போர்ஷன் என்றால் வீட்டுக்காரரிடம் பேசி தனி சர்வீஸுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஒரே குடும்பம் மாடிக்கு ஒன்று கீழுக்கு ஒன்று வாங்கி வைத்திருப்பதை இதோடு சேர்க்காதீர்கள், அதை மின் வாரியம் கண்டுபிடித்தால் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள்.

இதுவரை காசு. புகையைப் பற்றிப் பேசினால் நம் ஊர்க்காரர்கள் "அதெல்லாம் டெல்லிக்காரங்க கவலை" என்பார்கள். ஆனால் புகைபோக்கி நம் மாவட்டத்திலேயே நிற்கிறது. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு, 2013-இல் வந்த 600 மெகாவாட் அலகு ஒன்று, மொத்தம் 1,440. ஒடிசா சுரங்கத்திலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் வந்து, எண்ணூரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஓமலூர் தாண்டி மேட்டூர் போகிறது நிலக்கரி. எல்லா அலகும் முழு வீச்சில் ஓடினால் நாளுக்கு இருபதாயிரம் டன்னைத் தாண்டும். ஓமலூர் கேட்டில் வண்டியை நிறுத்தி அந்தக் கூட்ஸின் பெட்டிகளை எண்ணாத ஆள் உண்டா? நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல், அதுவும் இங்கேதான் தங்குகிறது.

உங்கள் வீட்டுப் பல்புக்கு மேட்டூர் கரண்ட்தான் வருகிறது என்று சொல்ல முடியாது, எல்லா மின் நிலையத்துக் கரண்டும் கிரிட் என்கிற ஒரே வலையில் கலந்து வருவது. நாடு முழுவதுக்குமான கிரிட் சராசரி, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. அம்மாபேட்டை வீட்டு ஃபிளஷ் டேங்க்கின் 60 யூனிட் என்பது 42 கிலோ, ஒரு 14.2 கிலோ கேஸ் சிலிண்டரை முழுதாக எரித்தால் வருவதும் ஏறக்குறைய அதே. கழிப்பறையில் ஒரு சிலிண்டரைத் திறந்துவிட்டுக் கொளுத்தியது போல என்று சொன்னபோது பாட்டி சிரித்தார், மகன் சிரிக்கவில்லை.

அதே யூனிட் எல்லா மாதமும் ஒரே மாதிரி அழுக்கு இல்லை என்பதும் உண்மை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆரல்வாய்மொழியிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகள் சுற்றும், மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்திருந்தால் அணை, சுரங்கம் என இரண்டு நீர் மின் நிலையங்களும் சேர்ந்து 250 மெகாவாட் வரை கொடுக்கும். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குச் சீரியல் லைட் போடுகிறவர்கள் இந்த வகையில் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். பங்குனி, சித்திரையில் காற்றும் இல்லை, அணையும் மூடியிருக்கும், ராத்திரி பத்து மணிக்குச் சூரியனும் இல்லை. அந்த நேரத்தில்தான் சேலமே ஏ.சி.யைப் போடுகிறது. சுற்றிலும் மலை, நடுவில் சட்டி போல ஊர், மொட்டை மாடி தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி கீழே விடும், போடாமல் என்ன செய்வது? தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது இப்படித்தான். போடுங்கள், 18-இல் வைக்காமல் 25, 26-இல் வைத்துக் கூடவே ஃபேனையும் சுற்றவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் வரை குறையும். மாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்த வீட்டில் ஏ.சி. ஓய்வெடுக்கும் சத்தத்தை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

சோலார் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய் மானியம், ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் கொடுக்கும். 800, 900 எரிப்பவருக்குப் போட்ட காசு சீக்கிரம் திரும்பும். 350 எரிப்பவர் அவசரப்பட வேண்டாம், அவருக்கு முதலில் அந்த வாஷரைப் பார்க்கலாம்.

ஏற்காடு வேறு உலகம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏ.சி. பேச்சே இல்லை, கெய்சர்தான் எல்லாம். போன மார்கழியில் ஒரு எஸ்டேட் வீட்டில் கெய்சர் ராப்பகலாக ஆனில் இருப்பதைப் பார்த்தேன். பதினைந்து லிட்டரைச் சுட வைக்க முக்கால் யூனிட்கூட ஆகாது, ஆனால் சும்மா நின்றே அந்தப் பழைய டேங்க் நாளுக்கு ஒரு யூனிட் வரை ஆறவிடும், ஆற ஆற மறுபடி சுடவைக்கும். இதையெல்லாம் அங்கே காவலுக்கு இருக்கும் பெரியவருக்கு நீளமாக விளக்கினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, குழாயைத் திறந்து, "இந்தப் பச்சைத் தண்ணியில கைய வெச்சுப் பாருங்க சார், அப்புறம் பேசுவோம்" என்றார். வைத்தேன். விரல் மரத்துப் போனது. அதற்கு மேல் பேசாமல், விடிகாலை ஐந்திலிருந்து ஆறரை வரை மட்டும் ஓடுகிற மாதிரி ஒரு டைமர் மாட்டிக் கொடுத்துவிட்டு மலை இறங்கினேன்.