கோணல் மரத்தின் மேல் ஸ்கேலை வைக்காதீர்கள்

இந்த மாதமும் ஒரு வில் இரண்டு துண்டாகப் பட்டறைக்கு வந்தது. கொண்டுவந்தவர் சொன்ன காரணம் வழக்கமானதுதான்: "கோணல் மரம் சார், அதான் ஒடஞ்சிருச்சு." துண்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். பிடியிலிருந்து நுனி வரை ஸ்கேல் வைத்து இழுத்த பென்சில் கோட்டின் மிச்சம் ஓரத்தில் தெரிந்தது. கோட்டோடு ரம்பம் போயிருக்கிறது. மரத்தின் நார் வேறு பக்கம் போயிருக்கிறது. நார் ஓரத்தைத் தொட்டு வெளியேறும் இடத்தில் சிம்பு கிளம்பி, அங்கேயே ஒடிந்துவிட்டது.

மரத்தின் மேல் பழி போடுவது நிற்பதாகத் தெரியவில்லை. அதனால் ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

வில்லில் குறியைப் பார்க்கும் பக்கம் முதுகு, நம்மைப் பார்க்கும் பக்கம் வயிறு. வளைக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். இது வில் செய்ய உட்காரும் எல்லாருக்கும் தெரியும். முதுகில் இழுவிசையைத் தாங்குவது எது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். நுனியிலிருந்து நுனி வரை அறுபடாமல் ஓடும் நார்தான் தாங்குகிறது. நெளிந்து வளர்ந்த மரத்தில் நாரும் நெளிந்துதான் ஓடும். அதன் மேல் நேர்கோடு போட்டு அறுத்தால், பத்து இடத்தில் நாரைக் குறுக்கே வெட்டுகிறோம். வெட்டுப்பட்ட நாருக்கு அந்த இடத்தோடு வேலை முடிந்தது. பக்கத்து நாரோடு ஒட்டியிருக்கும் பிடிப்பு மட்டும்தான் மிச்சம். அந்தப் பிடிப்பு நாரின் பலத்தோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும்.

ஆக, பார்க்க நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கிற வில் உள்ளுக்குள் துண்டு துண்டான நாரால் ஆனது. பாம்புபோல் நெளிகிற வில் முழு நாரால் ஆனது. எதை நம்பி இழுப்பீர்கள்?

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். நாண் நேராக இருக்கிறது, அம்பு நேராகப் போக வேண்டும், எனவே மரமும் நேராக இருக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போடுகிறது. தப்புக் கணக்கு. இரண்டு நுனிகளுக்கும் இடையில் ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். அந்த நூல் பிடியின் அகலத்துக்குள் விழுகிறதா? விழுந்தால் சரி. நடுவில் மரம் இடது பக்கம் ஒரு அங்குலம் போய்த் திரும்பி வந்தாலும் அம்புக்குக் கவலையில்லை. நூல் பிடியை விட்டு வெளியே விழுந்தால்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். அப்போதும் ரம்பத்தை எடுக்காதீர்கள், சூடுபடுத்தி வளைக்கும் வழி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நார் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. பட்டையை உரித்ததும் மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் தெரியும். காய்ந்த மரத்தில் வெடிப்பு இருந்தால் அதுவும் நாரோடுதான் ஓடும். பென்சிலைக் கையில் பிடித்து, ஸ்கேல் இல்லாமல், அந்தக் கோடுகளின் போக்கிலேயே நடுக்கோட்டை வரையுங்கள். பிறகு கவராயத்தால் அதன் இரு பக்கமும் சம அகலம் குறித்துக்கொண்டே போங்கள். வரும் உருவம் கோணலாக இருக்கும். இருக்கட்டும்.

இயன்றால் கட்டையை அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்து எடுங்கள். பிளவு நாரோடு போகும். ரம்பத்துக்கு அந்த மரியாதை கிடையாது, எதையும் சத்தமில்லாமல் வெட்டும். டென்மார்க்கின் ஹோல்மெகோர்ட் சதுப்பில் கிடைத்த எல்ம் மர விற்களுக்கு ஏறத்தாழ 9000 வயது. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, ஓட்ஸி என்று அழைக்கப்படும் பண்டைய மனிதனின் யூ மர வில் 1.82 மீட்டர் நீளம், வேலை முடியாதது, கோடரி வெட்டின் தடம் இன்னும் அதில் இருக்கிறது. அவர்களிடம் பேண்ட் சா என்கிற மின்ரம்பம் இல்லை. அது அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு என்றே நினைக்கிறேன்.

முதுகை மட்டம் செய்வது இதே தப்பின் இன்னொரு வடிவம். பக்கவாட்டில் பார்த்தால் மேடுபள்ளமாக இருக்கிறதே என்று இழைப்புளியைப் பிடித்து ஓட்டிவிடுகிறார்கள். மேடு இருந்த இடத்தில் ஆண்டு வளையம் அறுந்துபோகிறது. பல மரங்களில் பட்டைக்கு அடியில் இருக்கும் பரப்பே முதுகு, அதைத் தொடவே கூடாது. ஓசேஜ் ஆரஞ்சு போன்ற மரங்களில் வெளிவெள்ளையை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் வைரக்கட்டையில் ஒரே ஒரு வளையத்தைப் பிடித்து, நுனி வரை அதையே துரத்த வேண்டும். வளையம் ஏறினால் ஏறுங்கள், இறங்கினால் இறங்குங்கள். கணுவைச் சுற்றி வளையம் சின்னக் குன்றுபோல் எழும். அதைச் சீவாமல் விடுங்கள். கணு இருக்கும் இடத்தில் அகலத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள், நார் சுற்றிப் போக வழி வேண்டும். வில்லின் அகலத்தில் பாதியைத் தின்கிற கணு, அதுவும் வளையும் பகுதியின் நடுவில் என்றால், வேறு கட்டை பாருங்கள்.

"முதுகில் துணி ஒட்டிவிட்டால் போதாதா, தோல் ஒட்டினால்?" என்று கேட்பவர்களுக்கு: சிம்பு எழும்புவதை அது கொஞ்சம் அமுக்கிப் பிடிக்கும். அறுந்த நாரை ஒட்டவைக்காது.

சரி, உருவம் வந்தாயிற்று. அடுத்த கண்டம் டில்லர் செய்யும்போது, அதாவது வயிற்றுப் பக்கம் சுரண்டிச் சுரண்டி வளைவைச் சீராக்கும்போது. படங்களில் பார்த்த அழகான வட்டவளைவு எல்லாருக்கும் வேண்டும். கோணல் மரத்தில் அது வராது, வரவும் கூடாது. நாண் ஏற்றாதபோது வயிற்றுப் பக்கம் புடைத்திருக்கும் இடம், முழுசாக இழுத்தபோதும் கொஞ்சம் விறைப்பாகவே தோன்றும். அதை வளைய வைக்கிறேன் என்று அங்கே சுரண்டினால் அந்த இடம் கீல் மாதிரி மடங்கும். வயிற்றில் குறுக்கே மெல்லிய நசுங்கல் கோடுகள் விழும், அதோடு அந்த வில் முடிந்தது. பருமனில் பத்தில் ஒரு பங்கைச் சுரண்டினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்; விறைப்பு பருமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேலை தொடங்கும் முன் வில்லைக் காகிதத்தில் படுக்கவைத்து ஓரத்தை வரைந்துகொள்ளுங்கள். வளைத்த பிறகு, ஒவ்வொரு இடமும் தன் பழைய நிலையிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள். பென்சில் பொருத்திய மட்டக்கட்டையை வயிற்றில் ஓட்டி விறைப்பான இடத்தைக் குறிக்கும் முறை நேரான மரத்துக்குத்தான். நெளிவில் அது பொய் சொல்லும். விரல்களுக்கிடையே பிடித்துத் தடவிப் பாருங்கள், பிடியிலிருந்து நுனி வரை பருமன் படிப்படியாகக் குறைய வேண்டும்.

சூடு. காய்ந்த மரத்துக்கு ஹீட் கன், சற்று ஈரமுள்ளதற்கு ஆவி. ஆவிக்கு ஒரு அங்குலப் பருமனுக்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. வளைத்ததும் கிளாம்பில் போட்டு முழுக்க ஆறவிடுங்கள், அன்றே நாண் ஏற்றாதீர்கள். நாண் ஒரு பக்கமாக ஒதுங்குவதைச் சரிசெய்யப் பிடியருகே வளைப்பதே மேல். அந்தப் பகுதி இழுக்கும்போது வளையாததால் போட்ட வளைவு அப்படியே நிற்கும். லேசான முறுக்கை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் திருத்தியே ஆக வேண்டும் என்கிற வெறிதான் இந்தத் தொழிலில் அதிக விற்களை ஒடிக்கிறது.

பச்சை மரத்தில் தொடங்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெட்டிய அன்றே இரு முனைகளிலும் பசையோ பெயிண்டோ பூசுங்கள். அவ்வப்போது எடை போட்டுப் பாருங்கள்; எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

அப்புறம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். டில்லர் கட்டையில் வில்லை மாட்டி இழுக்கும்போது கயிற்றைக் கப்பி வழியாக விட்டுத் தள்ளி நின்று இழுங்கள். ஒடிகிற துண்டு எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நினைத்த இழுவிசைப் பவுண்டுக்கு மேல் ஒருபோதும் இழுக்காதீர்கள். அம்பு இல்லாமல் நாணை விடாதீர்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அந்த நிமிடமே தளர்த்திவிட்டு, ஒரு பஞ்சை எடுத்து முதுகு நெடுகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிம்பிலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். சின்னதாக இருந்தால் நீர்த்த சூப்பர் க்ளூவை ஊறவிட்டு, நூலால் இறுகச் சுற்றிக் கட்டி, ஆறப்போட்டு, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். பெரிதாக இருந்தால் சுவரில் மாட்டிவையுங்கள். "சும்மா ஒரு தடவை" என்று சொல்லி அதைக் குழந்தை கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.