எஞ்சினை எப்போது கழற்றுவது?

விமானப் பராமரிப்பு மேலாண்மை படிக்க வருகிறவர்களுக்கு எஞ்சின் பாடம் அலுப்பாகத் தெரியலாம். ஸ்பானர் பிடிக்கப்போவது டெக்னீஷியன்தானே, நமக்கெதற்கு டர்பைனும் கம்ப்ரசரும் என்று தோன்றும். ஆனால் எஞ்சினை எப்போது கழற்றி ஷாப்புக்கு, அதாவது பழுதுபார்க்கும் பட்டறைக்கு அனுப்புவது என்று திட்டமிடுவது மேலாண்மையின் வேலை. அவசரப்பட்டால் பணம் வீண், தாமதித்தால் செலவு கைமீறும். அதற்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியது இஜிடி, அதாவது டர்பைன் பகுதியில் அளக்கப்படும் வெளியேற்ற வாயுவின் வெப்பநிலை.

பெரிய பயணிகள் விமானங்களில் இருப்பது டர்போஃபேன். முன்னாலுள்ள விசிறி இழுக்கும் காற்றில் பெரும்பகுதி மையத்துக்குள் நுழையாமல் பக்கவாட்டிலேயே பின்னால் பாய்கிறது. உந்துவிசையில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. மிச்சக் காற்றைக் கம்ப்ரசர் அழுத்தித் தர, எரிப்பறையில் எரிபொருள் எரிகிறது. சூடான வாயு டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் தண்டுகள் வழியாக விசிறியையும் கம்ப்ரசரையும் சுழற்றுகிறது.

சரி, டர்பைன் வாசலுக்கு வருவோம். அங்கே வாயு 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டர்பைனைச் சுற்றியுள்ள இறக்கைகளான பிளேடுகளின் நிக்கல் கலப்புலோகமோ அதற்கு முன்பே உருகக்கூடியது. அதனால் கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் காற்றைப் பிரித்து பிளேடுக்குள் செலுத்துகிறார்கள். அது பொடித் துளைகள் வழியே வெளிவந்து, உலோகத்துக்கும் வாயுவுக்கும் நடுவே மெல்லிய படலமாக ஓடுகிறது. இப்படிக் குளிர்விக்கும் காற்றே பல நூறு டிகிரி சூடானது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பிளேடு நுனிக்கும் அதைச் சுற்றிய உறைக்கும் இடைவெளி மிகக் குறைவு. உரசித் தேய்ந்து அது அகன்றால், வாயு வேலை செய்யாமல் நழுவிவிடும். கம்ப்ரசரில் அழுக்கும் படியும். அப்புறம் அதே உந்துவிசைக்கு அதிக எரிபொருள் வேண்டும், இஜிடியும் ஏறும். டேக்-ஆஃபில் தொடும் உச்சத்துக்கும் அனுமதித்த எல்லைக்கும் உள்ள வித்தியாசமே இஜிடி மார்ஜின். கம்ப்ரசரைத் தண்ணீரால் கழுவினால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். தேய்ந்த நுனி மட்டும் ஷாப்புக்குப் போனால்தான் சரியாகும்.

மார்ஜின் மெல்லச் சரிந்தால் தேய்மானம். இஜிடி திடீரென்று தாவினால் கூடவே எரிபொருள் ஓட்டத்தையும் சுழல் வேகத்தையும் பார்க்க வேண்டும். இஜிடி மட்டும் மாறியிருந்தால் முதல் சந்தேகம் சென்சார் மேல். மூன்றும் சேர்ந்து மாறியிருந்தால் உள்ளே ஏதோ சேதம். எஞ்சினைப் பிரிக்காமல் உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்க் கருவியான போரோஸ்கோப்பை விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பிளேடுகளைத் தாங்கும் டிஸ்க் உடைந்தால் உறையால் தடுக்க முடியாது. அதனால் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், குறித்த சைக்கிள் முடிந்ததும் அதைக் கழித்துவிட வேண்டும். எஞ்சினை இயக்கிப் பறந்து இறங்கி அணைத்தால் ஒரு சைக்கிள்.

மார்ஜினுக்காக எஞ்சினைப் பிரிக்கும்போது டிஸ்கில் 1,500 சைக்கிள் மிச்சம், ரிப்பேரோ 6,000 தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். பழையதையே மாட்டினால் 1,500 சைக்கிளில் எஞ்சின் மறுபடி ஷாப்புக்கு வரும். புதியதைப் போட்டுவிட்டு, அந்த 1,500-ஐ விரைவில் ஓய்வுபெறவிருக்கும் வேறோர் எஞ்சினில் செலவழிப்பதே என் பார்வையில் நல்ல திட்டம்.