ஹவுஸ்போட்டின் கழிவுத் தொட்டி: ஒரு காயலைக் காப்பாற்றும் பெட்டி

ஆலப்புழையில் ஹவுஸ்போட் பிடிக்கப் போகிறவர்கள் ஏசி உண்டா, மதியச் சாப்பாட்டில் கரிமீன் உண்டா, எத்தனை படுக்கையறை என்றெல்லாம் விசாரிப்பார்கள். கழிவறை உண்டா என்றால் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக இருக்கிறது என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் கழிவறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில்தான் வேம்பநாட்டுக் காயலின் ஆரோக்கியத்தில் ஒரு பங்கு அடங்கியிருக்கிறது.

கெட்டுவள்ளம் என்பது ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளை இறுக்கிக் கட்டிய சரக்குப் படகு. குட்டநாட்டு நெல்லை ஏற்றிப் போன காலத்தில் அதில் இருந்தவர்கள் இரண்டு மூன்று பேர். 1990-களில் அது சுற்றுலாப் படகாக மாறியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹவுஸ்போட்டுகள் இந்த நீர்ப்பரப்பில் ஓடுகின்றன. பலவற்றில் ஒரு முழு வீட்டுக்கான குளியலறைகளும் சமையலறையும் உண்டு. வீட்டுக் கழிவறைக்குப் பின்னால் செப்டிக் டேங்கோ பாதாளச் சாக்கடையோ இருக்கும். படகுக்குப் பின்னால் இருப்பது காயல் மட்டும்தான்.

‘இவ்வளவு பெரிய காயலில் ஒரு படகின் கழிவு என்ன செய்துவிடும்?’ என்று பலரும் கேட்பதுண்டு. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மனித மலத்தில் ஒரு கிராமுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை தம்மளவில் நோய் தருபவை அல்ல. ஆனால் அவை இருக்கும் நீரில் டைஃபாய்டு, காலரா, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் இருக்க வாய்ப்புண்டு என்பதற்கான அடையாளமாக அவற்றை எண்ணுகிறார்கள். இந்தியாவில் வெளியிடங்களில் குளிப்பதற்கான நீர் என்றால் 100 மில்லிலிட்டரில் 500 கோலிஃபார்முக்கு மேல் இருக்கக் கூடாது. 100 கிராம் மலம் என்று வைத்துக்கொண்டால் 100 கோடி பாக்டீரியாக்கள். அவை அந்த வரம்புக்குள் வர 2 லட்சம் லிட்டர் சுத்தமான நீர் வேண்டும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பதினாறு, பதினேழு லாரி. இது ஒருவர் ஒரு முறை போனதற்கான கணக்கு. கலக்கும் நீரில் ஏற்கெனவே கழிவு இருந்தால் இதுவும் போதாது.

அந்த 2 லட்சம் லிட்டரும் உடனே வந்து கலந்துவிடாது. ஹவுஸ்போட்டுகள் நாள் முழுக்க ஓடுவதில்லை. இரவில் மீனவர்கள் வலை போட வேண்டும் என்பதால் மாலையில் கரையோரமாக நங்கூரம் போட்டுவிட வேண்டும், மறுநாள் காலையில்தான் கிளம்பலாம். கழிவறையின் பயன்பாடு உச்சத்தில் இருப்பதும் இந்த நேரத்தில்தான். ஆக, ஆழம் குறைந்த, நீரோட்டம் இல்லாத ஒரு மூலையில் வரிசையாகப் பத்துப் படகுகள் நிற்கும்போது மொத்தமும் அங்கேயே இறங்குகிறது. விடிந்ததும் அதே கரையில் வீட்டுப் படிக்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், குளிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காயலின் மொத்தப் பரப்பைச் சொல்லிச் சமாதானம் அடைவதை என்னால் ஏற்க முடியாமல் போவது இதனால்தான். நகரச் சாக்கடையும் ஆறுகள் கொண்டுவரும் கழிவும் படகுக் கழிவைவிட அளவில் பெரியவை என்பது உண்மை. ஆனால் படகுக் கழிவு எதுவும் நீர்த்துப்போகாமல், மனிதர்கள் தண்ணீரைத் தொடும் இடத்திலேயே விழுகிறது.

வேம்பநாட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பவை. கோடையில் உப்புநீர் ஏறிப் பயிரைக் கெடுக்காமலிருக்க தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான தடுப்பணை கட்டினார்கள். 1976-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. டிசம்பர் நடுவில் ஷட்டரை இறக்கினால் மார்ச் நடுப்பகுதி வரை, பல வருடங்களில் அதையும் தாண்டி, மூடியே இருக்கும். நெல்லுக்கு இது நல்லது. ஆனால் தினமும் வந்துபோகும் அலையேற்றம் காயலின் தென்பகுதியை அலசிவிடும் வேலை அந்த மாதங்களில் நின்றுவிடுகிறது. அதே டிசம்பர், ஜனவரியில் ஹவுஸ்போட்டுகளுக்கு உச்ச சீசன். சபரிமலைப் பருவமும் அப்போதுதான், பம்பை வந்து சேர்வதும் அணைக்குத் தெற்கே இருக்கும் இந்தப் பகுதியில்தான். தண்ணீர் மிகக் குறைவாக நகரும் மாதங்களில் கழிவு மிக அதிகமாக வருகிறது. அணைக்குத் தெற்கே ஆகாயத்தாமரை செழிப்பதற்கு உப்பு வராததும் காரணம், சத்து சேருவதும் காரணம்.

சத்து என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிருமி வெயில் பட்டால் சில நாட்களில் செத்துவிடும் (சேற்றுக்குள் போய்விட்டால் வாரக்கணக்கில் தங்கும், ஆழமில்லாத இடத்தில் படகின் புரொப்பல்லர் கலக்கிவிட்டால் மறுபடி மேலே வரும்). பாஸ்பரஸ் சாகாது, அது ஒரு தனிமம். ஒருவர் உடலிலிருந்து ஒரு நாளில் ஒரு கிராமுக்குச் சற்று மேல் பாஸ்பரஸ் வெளியேறுகிறது, பாதிக்கு மேல் சிறுநீரில். மற்ற சத்துகளும் கிடைக்கும் நிலையில் ஒரு கிராம் பாஸ்பரஸிலிருந்து உலர் எடையில் சுமார் 100 கிராம் பாசி வளர முடியும். அந்தப் பாசி செத்து மட்கும்போது சுமார் 140 கிராம் ஆக்ஸிஜனை இழுக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் ஏழரை மில்லிகிராம் அளவுதான். அதாவது ஒருவரின் ஒரு நாள் பாஸ்பரஸ் 18,000 லிட்டர் நீரின் மொத்த ஆக்ஸிஜனையும் தின்றுவிடும் திறன் கொண்டது. காயலில் கறுப்பு மட்டி அள்ளிப் பிழைக்கும் முஹம்மா பகுதிக் குடும்பங்களுக்கு இது வெறும் வேதியியல் இல்லை. மட்டி நீரை வடிகட்டித் தின்னும் உயிர், நீரில் இருக்கும் கிருமியை அது தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

சரி, தீர்வு என்ன? இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, படகிலேயே கழிவைச் சுத்திகரித்து நீரில் விடுவது. இன்னொன்று, ஒரு சொட்டும் விடாமல் தொட்டியில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவருவது.

முதல் வழி கேட்க நன்றாக இருக்கும். பயோ டாய்லெட் தொட்டியில் ஆக்ஸிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் மலத்தைச் சிதைத்து வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. நாற்றமும் திடக்கழிவும் குறையும். ஆனால் வெளியேறும் நீரில் கிருமி மிச்சமிருக்கும், பாஸ்பரஸ் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பாக்டீரியாவால் ஒரு தனிமத்தை அழிக்க முடியாது. ஓடும் கடலுக்கு இது ஒருவேளை போதலாம், தேங்கிய காயலுக்குப் போதாது. அமெரிக்காவில் 1972-இன் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் படகுக் கழிவறைகளுக்கு விதி வகுத்தபோது, கடலோரத்தில் சுத்திகரித்து விடும் கருவிகளை அனுமதித்தார்கள். வெளியிலிருந்து படகுகள் வந்துபோக வழியில்லாத உள்நாட்டு ஏரிகளில் சுத்திகரித்ததையும் விடக் கூடாது என்றார்கள்.

ஆகவே தொட்டிதான். அதன் அமைப்பு எளிமையானது. கழிவறையிலிருந்து ஒரு குழாய், தடித்த பிளாஸ்டிக் தொட்டி, தொட்டியிலிருந்து மேல்தளத்துக்கு ஒரு உறிஞ்சு குழாய், அதன் வாயில் திருகு மூடி. அப்புறம் வெளிக்காற்றுக்கு ஒரு குழாய். இந்தக் காற்றுக்குழாயை அற்பமாக நினைத்து மெல்லியதாகப் போட்டுவிடுகிறார்கள். காற்று போதவில்லை என்றால் தொட்டிக்குள் ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடை, அந்த அழுகிய முட்டை நாற்றத்தை, உண்டாக்கும். குழாய் அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். கரையில் பம்ப் உறிஞ்சும்போது உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் தொட்டி உள்வாங்கி நசுங்கிவிடும்.

தொட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட ஒரு ஃப்ளஷுக்கு எத்தனை லிட்டர் என்பதே முக்கியம். ஆறு பேர், ஆளுக்கு ஐந்து முறை, வீட்டுக் கழிவறைபோல் ஆறு லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 180 லிட்டர். வெற்றிடத்தால் உறிஞ்சும் படகுக் கழிவறைக்கு ஒரு லிட்டர் போதும், 30 லிட்டரில் முடிந்துவிடும். நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள், அதற்கு இன்னொரு 30 லிட்டர் சேர்த்தாலும் 60-தான். குளியல் தண்ணீரும் அதே தொட்டிக்குப் போகும்படி குழாய் போட்டிருந்தால் எந்தத் தொட்டியும் ஒரே நாளில் நிரம்பிவிடும். நிரம்பிய தொட்டியை ஓட்டுநர் நடுக்காயலில் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

பல படகுகளில் கழிவறைக்கும் தொட்டிக்கும் இடையில் ஒரு இருவழி வால்வு இருக்கும். கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் கழிவு தொட்டிக்குப் போகும், மறுபக்கம் திருப்பினால் நேராக வெளியே. இந்தக் கைப்பிடியை நம்பி விட்டால் எவ்வளவு செலவு செய்து தொட்டி வைத்தாலும் வீண். மேலே சொன்ன அமெரிக்க விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதைப் பற்றியது. வெளியேற்றும் வால்வை மூடிக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிட வேண்டும், அல்லது பூட்டுப் போட வேண்டும், அல்லது வெட்டினால் ஒழிய அவிழாத பிளாஸ்டிக் பட்டையால் கட்ட வேண்டும். சோதனைக்கு வருகிறவர் நீரை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை. பட்டை அப்படியே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவில் உள்ள அவலோன் துறைமுகத்தில் வேறொரு முறை. அங்கே நிற்க வரும் படகில் துறைமுகக் காவலர்கள் ஏறிக் கழிவறைக்குள் பளிச்சென்ற சாய மாத்திரை ஒன்றைப் போடுகிறார்கள். யாராவது வெளியே விட்டால் படகைச் சுற்றித் தண்ணீர் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

தொட்டியைக் காலி செய்யும் கரையோர உறிஞ்சு நிலையத்தில் நடப்பது சில நிமிட வேலை. நிலையத்துப் பணியாளர் ஹோஸின் முனையை மேல்தளத்திலுள்ள உறிஞ்சு குழாயின் வாயோடு பொருத்தி இறுக்குவார், பம்பை ஓட விடுவார். ஹோஸ் முனைக்கு அருகில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோன்ற குழாய்த் துண்டு இருக்கும். முதலில் அதில் கருமையாகப் போகும், போகப் போகக் காற்றுக் குமிழிகள் வரும். தொட்டிக்குள் நல்ல தண்ணீர் விட்டு மறுபடி உறிஞ்சுவார். அந்தத் துண்டில் தெளிந்த நீர் தெரிந்தால் வேலை முடிந்தது. காற்றழுத்தத்தால் நடக்கிற வேலை என்பதால் எந்தப் பம்பாலும் பத்து மீட்டருக்கு மேல் உறிஞ்சித் தூக்க முடியாது, நடைமுறையில் ஆறேழு மீட்டர்தான். மலையணை ஏரிகளில் நீர்மட்டம் இறங்கும்போது இது பெரிய தலைவலி. காயலில் கரையும் நீரும் ஏறக்குறைய ஒரே மட்டம், அந்தக் கவலை இல்லை.

அமெரிக்காவின் பவல் ஏரியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1963-இல் கிளென் கேன்யன் அணையின் பின்னால் தேங்கத் தொடங்கிய ஏரி அது. முழுதும் நிரம்பினால் சுமார் 300 கிலோமீட்டர் நீளம், 30 கன கிலோமீட்டர் நீர். அங்கேயும் ஹவுஸ்போட்டுகள்தான் பிரதான சுற்றுலா. அத்தனை தண்ணீர் இருந்தும் 1990-களில் கோலிஃபார்ம் அளவு கூடியதால் சில மணற்கரைகளை மூட வேண்டி வந்தது. அவர்கள் தண்டனையை மட்டும் நம்பவில்லை. ஏரியின் நடுவழிகளில் மிதக்கும் கழிவறைகளையும் உறிஞ்சு நிலையங்களையும் அமைத்தார்கள், யாரும் தொட்டியைக் காலி செய்யப் பல மணி நேரம் ஓடிவர வேண்டியதில்லை. கரையிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் அடிக்கிறவர்கள், கரையிலோ படகிலோ கழிவறை இல்லையென்றால், கையில் எடுத்துப் போகும் கழிவறை வைத்திருந்தே ஆக வேண்டும். இப்படிப்பட்ட நிலையங்களை நாடெங்கும் அமைக்க 1992-இல் தனிச் சட்டம் வந்தது. செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தரும், அந்தப் பணம் தூண்டில் சாமான்கள், படகு எரிபொருள் மீதான வரியிலிருந்து வருகிறது. நிலையத்தார் தனிக் காரணம் காட்டாமல் 5 டாலருக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் வரம்பு வைத்தார்கள். சட்டப்படி நடப்பது கொட்டிவிடுவதைவிடச் சிரமமாகவோ செலவாகவோ இருந்தால் யாரும் நடக்க மாட்டார்கள் என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு இது.

வேம்பநாட்டில் ஒரு எச்சரிக்கை தேவை. கரையில் உறிஞ்சிய கழிவைச் சாதாரண செப்டிக் டேங்கில் விட்டு, உறைகிணறு வழியாக மண்ணில் இறக்கினால் பயனில்லை. குட்டநாட்டில் ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர், மண்ணில் இறங்கியது காயலுக்கே திரும்பிவிடும். கசியாத தொட்டியில் சேர்த்து முறையான சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். படகுக் கழிவு வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு அடர்த்தியானது, ஒரே மூச்சில் கொட்டினால் அந்த நிலையத்தின் பாக்டீரியாக்கள் தாங்காது. முதலில் ஒரு சமன்தொட்டியில் நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நாற்றத்துக்காக ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்தை ஊற்றும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும், அது சுத்திகரிக்கும் பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும்.

படகுகள் மாலையில் ஒதுங்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே. படகுகள் நிலையத்தைத் தேடி வர வேண்டும் என்று இருக்காமல், ஒரு பம்ப் படகு அந்த வரிசைகளுக்கே காலையில் போய்வரலாம். பல அமெரிக்கத் துறைமுகங்களில் இது அன்றாட வேலை. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் ரசீது, உரிமம் புதுப்பிக்கும்போது அந்த ரசீதுகள் என்று வைத்தால் யார் காலி செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்பது தாளிலேயே தெரிந்துவிடும். ஐம்பது நாள் ஓடிய படகிடம் மூன்றே ரசீது இருந்தால் மீதி எங்கே போனது என்று கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது என்றால், தண்ணீர்முக்கம் ஷட்டர் இறங்கும் டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து அது தூக்கப்படும் வரையிலான மாதங்களுக்கு மட்டுமாவது முதலில் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.